டீசல் மட்டும் தாமதம்

ஆவணியில் பதினோராயிரம் கட்டினோம்.
ரசீதில் டீசல் என்ற சொல்லைக் கார்மேகம்
இரண்டு தடவை அடிக்கோடிட்டான்.
தீபாவளிக்கு உங்கள் வாசலில் நிற்கும் என்றான்.
தீபாவளிக்கு ஷோரூமிலிருந்து
அரைக் கிலோ அல்வா வந்து நின்றது.

பிறகு தை என்றான்.
பிறகு புகைக்குப் புது விதி,
எங்கோ ஒரு சோதனை,
கப்பலில் வரவேண்டிய ஏதோ ஒரு சில்லு.
கப்பல் என்றதும் பூமயில்
தேவிபட்டினத்துக் கடலைத் திரும்பிப் பார்த்தாள்.
"இடுப்பளவுத் தண்ணி. இதுல எங்க வரும்னு
அந்தத் தம்பியக் கேளுங்க."

மாசியில் பெட்ரோல் வண்டி வந்துவிட்டது.
கண்ணாடிக்குள் சிவப்பாய், ரிப்பன் கட்டி.
இதையே எடுத்துக்கொள்ளுங்கள், காத்திருப்பே இல்லை.
அவள் பின் கதவைத் திறந்தாள், ஸீட்டை மடித்தாள்,
முழம் போட்டு அளந்தாள்.
எட்டுப் பெட்டி நண்டு, ஐஸோடு.
நிமிர்த்தினால் கல்யாணத்துக்குப் போகலாம்.
எல்லாம் சரி.
எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:
"இது குடிச்சே நம்மள அழிச்சிரும்."

தடைக்காலம் அறுபத்தொரு நாளும்
படகுகள் கரையில் கிடந்தன,
பதிவு எண் எழுபத்து மூன்று வரிசையில் கிடந்தது.
என் பழைய ஆம்னியின் அடித்தகட்டை
உப்புக்காற்று தின்றுகொண்டிருந்தது.
ஓட்டும்போது கால் பக்கத்தில்
சாலை தெரியும். அவசரத்துக்குப் பிரேக்காகக்
காலையே ஊன்றலாம் என்பான் ஜெய்லானி.

அடுத்த ஆவணிக்கு வந்தது.
சாவியின் பெரிய அட்டை மாதிரியைப் பிடித்துக்கொண்டு
போட்டோவுக்கு நின்றோம். கார்மேகம் எங்களைவிடச்
சந்தோஷமாய் இருந்தான்; ஒரு வருஷம்
எங்கள் போனுக்குப் பயந்து வாழ்ந்தவன்.

இப்போது சொல்கிறேன், வாங்க நினைப்பவர்களுக்கு.
இழுவை பிரமாதம். ஈரமணலில் எட்டுப் பெட்டியோடு
முக்காமல் ஏறும். மைலேஜ் பதினெட்டு,
பூமயில் கணக்கில் பதினேழரை.
ஏசி போட்டாலும் நண்டு வாடை போகாது,
அதற்குக் கம்பெனி பொறுப்பல்ல.
நாலாம் மாதம் ஒரு விளக்கு எரிந்தது.
மஞ்சள். சின்னப் பெட்டிக்குள் புள்ளிகள்.

ஜெய்லானி கம்ப்யூட்டரை மாட்டிப் பார்த்தான்.
"கரைக்கும் கொட்டகைக்கும் நாலு கிலோமீட்டர்.
அதையே நாள் பூரா ஓட்டுறீங்க.
வண்டி சூடேறதுக்குள்ள அணைச்சிர்றீங்க.
கரி உள்ளேயே அடைச்சுக் கிடக்கு, பாய்லர் மாதிரி.
ராத்திரி, ரோடு காலியா இருக்கும்போது
இருபது நிமிஷம் நிக்காம விரட்டுங்க.
அதுவே எரிச்சுத் துப்பிரும்."
"சும்மாவா ஓட்டணும்?"
"சும்மாத்தான்."

பூமயில் வழிக்குச் சில்லறை எடுத்துக்கொண்டாள்,
தராசுக் கொட்டகையைப் பூட்டினாள்,
முன்ஸீட்டில் உட்கார்ந்தாள்.
பதினேழு வருஷத்தில் எடையில்லாமல்
நாங்கள் எங்கும் போனதில்லை என்பது
கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறியபிறகுதான் உறைத்தது.
பின்னால் பெட்டி உரசும் சத்தம் இல்லை.
ஐஸ் உருகுமே என்ற அவசரமும் இல்லை.
திருப்பாலைக்குடி வெளிச்சம் வந்து போனது.
உப்பளத்தில் நிலா தட்டையாய்க் கிடந்தது.
அவள் செருப்பைக் கழற்றிவிட்டு
காலை மடித்துக்கொண்டாள்.
மண்டபம் கம்பெனிக்காரன் தரவேண்டிய பாக்கி,
மச்சினன் வாங்கின பாக்கி,
பிறகு பாக்கியில்லாத ஏதேதோ பேசினாள்.

உப்பூர் தாண்டுமுன்பே
விளக்கு அணைந்துவிட்டது.
"இன்னும் எரியுதா?"
"எரியுது" என்றேன்.
தொண்டியில் ஒரு கடை திறந்திருந்தது.
எஞ்சினை அணைக்காமல் டீ குடித்தோம்.

காலையில் வண்டி நோட்டைப் புரட்டினேன்.
அவள் கையெழுத்து.
தொண்டி போக வர, எழுபது கிலோமீட்டர்.
சுமை: இல்லை.
காரணம்: விளக்கு (உப்பூர் வரை).