ஐம்பதுக்கு முன்

"குடும்பத்தில் யாருக்காவது
ஐம்பதுக்கு முன் மாரடைப்பு?
இரத்தக்கட்டி? காலில், நுரையீரலில்?"

என் இடது கெண்டைக்கால்
தோல் மினுங்க வீங்கிக் கிடந்த மூன்றாம் நாள்
வார்ட்டில் டொக்டர் கேட்டார்.
ஐம்பதைத் தாண்டினது யார் என்று கேளுங்கள்,
கெதியாய்ச் சொல்லி முடிப்பேன் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை. மாத்தறைக்காரர்.
பேனையை மூடினார்.
கொஞ்சம் பொறுத்துத் திறந்தார்.

உவர்மலை வீட்டில்
மகளின் சித்திரக் கொப்பியில் கோடு போட்டேன்.
ஆண் சதுரம். பெண் வட்டம்.
செத்தவர்மேல் ஒரு சரிவுக் கோடு.
நோய் இருந்தால் உள்ளே கறுப்பு.
அப்பாவோடு பிறந்தவர்கள் ஐந்து பேர்.

புவிராசன் பெரியப்பா, நாற்பத்து மூன்று.
கச்சேரிப் படியில் நெஞ்சைப் பிடித்து இருந்தவர்
எழும்பவில்லை.
முழுக் கறுப்பு.

மங்கையற்கரசி மாமி, முப்பத்தொன்று.
பிள்ளை பிறந்து ஒன்பதாம் நாள்
மூச்செடுக்க ஏலாமல் போனார்.
காற்றுச் சேட்டை என்றார்களாம்.
அரைக் கறுப்பு.

குலவீரசிங்கம் சித்தப்பா வள்ளத்தோடு,
இரத்தினாவதி மாமி அலையோடு.

தேவகுஞ்சரன் சித்தப்பா, இருபத்தாறு.
எண்பத்தைந்தில் பஸ்ஸால் இறக்கினார்கள்.
அந்த இதயம்
நாற்பத்து மூன்றில் என்ன செய்திருக்கும்?
அதற்குத் தவணை கொடுக்கவில்லை.
சதுரத்துக்குள் கேள்விக்குறி போட்டேன்.
இரவிரவாகப் போனில் வாசித்த கட்டுரைகள்
இப்படியானவர்களைத்
"தகவல் இல்லை" என்று கழித்துவிடச் சொல்கின்றன.
இவ்வளவு தகவலை
எங்கே கொண்டுபோய்க் கழிப்பது?

மகள் தன் வட்டம் எது என்று கேட்டாள்.
காட்டினேன்.
அதற்குள் இரண்டு கண்ணும் ஒரு வாயும் கீறினாள்.

என் இரத்தம் ஐஸ் பெட்டியில்
கொழும்புக்குப் போனது.
மூன்று கிழமையில் கடதாசி வந்தது.
ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறதாம்,
உறவு என்று எழுதப்போய்
உறைவு என்று விழுந்தமாதிரி.
உறையவைக்கும் ஐந்தாம் காரணி
நிறுத்தச் சொன்னாலும் நிற்காது.
பெயர் லைடன்.

லைடன் ஒல்லாந்தில் ஓர் ஊர்.
இங்கே ஒல்லாந்தர் திருத்திக் கட்டின கோட்டை
இன்னும் மான்களுக்கு நிழல் தருகிறது.
"அது கண்டுபிடித்த ஊர், மிஸ்.
புறப்பட்ட ஊர் என்றில்லை"
என்றாள் ஆய்வுகூடத்துப் பிள்ளை.
சரி.
ஆனாலும் பின்னேரம் ஐந்து மணி வெயிலில்
அப்பாவின் கண்ணைப் பார்த்தேன். தேன் நிறம்.
எந்த வீட்டுக்கு யார் வந்துபோனார்கள் என்று
ஒருவரும் கல்லில் வெட்டி வைக்கவில்லை.
உடம்பு வெட்டி வைத்திருக்கிறது போல.

இப்போது ஆறு மணிக்கு வார்பரின்.
வல்லாரைச் சம்பல் இல்லை, அல்லது
எல்லா நாளும் ஒரே அளவு.
இரத்தம் எவ்வளவு தண்ணீராய் இருக்கிறது என்று
மாதம் ஒரு நாள் வரிசையில் நின்று அறிகிறேன்.

அம்மாவின் இரத்தத்தில் அது இல்லை.
மிச்சம் அப்பா.
எழுபத்து நாலு வயது.
அண்மைக்காலம் வரை நாளுக்கு ஒரு பெட்டி சிகரெட்.
ஒன்றும் ஆகவில்லை.
இருந்தும் ஒன்றும் ஆகாமல் போகலாம் என்று
கட்டுரையிலும் இருக்கிறது,
கடைசிப் பந்தியில், சின்ன எழுத்தில்.

ரப்பர் பட்டியை இறுக்கக் கையை நீட்டியவர்
என் மடியிலிருந்த கொப்பியை எட்டிப் பார்த்தார்.

"தேவனுக்கு ஏன் கேள்விக்குறி?"

தெரியாது அப்பா, அதுதான்.

"என்ன தெரியாது? கோட்டை வாசலிலை இருந்து
கோயில் மட்டும் ஒரே ஓட்டம் ஓடுவான்.
மேலை நிண்டு சீட்டியும் அடிப்பான்.
நாங்கள்தான் இளைச்சு இளைச்சு ஏறுவம்.
அதை எழுது."

ஊதா மூடிக் குழாய்
மெல்ல நிரம்பிக்கொண்டிருந்தது.
அழிறப்பர் கொண்டுவரவில்லை.
கேள்விக்குறிக்குப் பக்கத்தில்
சின்னதாய் எழுதினேன்:
இதயம் நல்லம்.
சொன்னது, அண்ணன்.