அபாண்டன்

கப்பலூர் சிட்கோவில்
எங்கள் கேஸ்கட் கம்பெனிக்குப்
புது மோல்டிங் மெஷின் வந்தபோது
அதோடு ஓர் ஆளும் வந்தார்,
மாட்டி ஓட்டிக் காட்டிவிட்டுப் போக.
பெயர் லியாவ்.
வாட்ச்மேன் சோணைமுத்து வாயில் அது
லவ்வு சார்.

நாற்பத்தோரு நாள் இருந்தார்.
போன பிறகு டூல் பெட்டிக்குள்,
பதினாறாம் நம்பர் ஸ்பேனருக்கு அடியில்,
உள்ளங்கை அகலத்தில் ஒரு புத்தகம்.
இடப்பக்கம் இங்கிலீஷ் வார்த்தை,
நடுவில் அதற்கு இங்கிலீஷிலேயே விளக்கம்,
வலப்பக்கம் சீனம்:
சின்னச் சின்ன ஜன்னல்கள்,
சில திறந்து, சில கம்பி போட்டு.

திருப்பி அனுப்பினால் தபால் செலவு
யார் கணக்கு என்று ஆபீசில் கேட்டார்கள்.
அதனால் அது என் கைப்பைக்கு வந்தது.

முதல் வார்த்தை 'அபாண்டன்'.
அபாண்டமாய்ப் பழி போடுகிறவன் என்று
நானாக நினைத்துக்கொண்டேன்.
விளக்கம் வேறு சொன்னது:
விட்டுவிட்டுப் போவது, திரும்பி வராமல்.
படிக்க வந்தவரிடம்
முதல் வரியிலேயே சொல்கிற சொல்லா இது?

அந்தப் பக்கத்தில்தான் கிரீஸ் அதிகம்.
அவரும் அங்கிருந்தே
பலமுறை ஆரம்பித்திருக்கிறார்.
எனக்குத் தெரியாதா.
திருமங்கலத்தில் நான் சேர்ந்த ஸ்போக்கன் இங்கிலீஷ்
நாலாம் நாளிலேயே நிற்கிறது,
பணம் மட்டும் மூன்று மாதத்துக்குக் கட்டியாயிற்று.

'பாரோ' என்றால் வாங்குவது.
'லெண்ட்' என்றால் கொடுப்பது.
இரண்டுக்கும் எதிரே ஒரே ஜன்னல்.
அச்சுப்பிழையோ என்று
பக்கத்தை மாற்றி மாற்றிப் பார்த்தேன்.
பிறகு சிரிப்பு வந்தது.
நமக்கும் ஒரே கடன்தானே,
வாங்கினாலும் கொடுத்தாலும்.
வார்த்தைக்கும் வட்டி போட்டு
ரெண்டாக்கினது இங்கிலீஷ்காரன்தான்.

'சி' தாண்டினால் பென்சில் கோடு இல்லை,
அழுக்கும் இல்லை.
'ஆர்' வரிசையில் ஒரு பக்கம் மட்டும்
மூலை மடிந்திருந்தது.

'ரிஜெக்ட்': ஏற்க மறுப்பது, தள்ளுவது.
இது நான் தினம் முந்நூறு தடவை சொல்கிற சொல்.
ஓரம் பிசிறிய கேஸ்கட்டைத் தூக்கிச்
சிவப்புத் தொட்டியில் போடுவதுதான் என் உத்தியோகம்.
லியாவ் ஓட்டிக் காட்டிய முதல் லாட்டில்
நூற்றுக்கு எண்பத்தாறைப் போட்டேன்.
குனிந்து ஒவ்வொன்றாய் எடுத்து
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் சூட்டை நாலு டிகிரி குறைத்தார்.

அந்தச் சொல்லின் அச்சுச் சீனத்துக்குப் பக்கத்தில்
பென்சிலில் மூன்று எழுத்து.
செல்போன் கேமராவைக் காட்டினேன்.
யோசித்து யோசித்துச் சொன்னது:
ஐரோப்பா. தேநீர். அம்மா.

தள்ளுவதற்கும் ஐரோப்பாவுக்கும் என்ன சம்பந்தம்?
கேன்டீன் ராக்காயியைச் சொல்கிறாரோ?
டீ ஊற்றுகிறவள் அவள்தான்,
ஆனால் எதையும் தள்ளமாட்டாள்,
ஆறிப்போனதைக்கூட.

சிந்துபட்டி தாண்டிப் பஸ் குலுங்கியதில்
விரல் ஏதோ பட்டனில் பட்டது.
போனுக்குள் இருந்த பெண்
சத்தமாய் வாசித்தாள்:
ஓ... ச்சா... மா.

பக்கத்து சீட்டு அம்மா திரும்பினாள்.
"யாரையோ கூப்புடுதே."

என்னைத்தான்.
ஒச்சம்மா.

கோபத்தில் எழுதினாரா,
ஞாபகத்துக்கு எழுதினாரா,
பென்சில் அழுத்தத்தைத் தடவிப் பார்த்தும்
தெரியவில்லை.
பிசிறைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கிற விரல் இது.
இதில் நாலு நாளாய்த் தீர்ப்புச் சொல்லாமல் இருக்கிறது.

வலது ஓரத்தில் இன்னும்
அரை அங்குலம் காலி.
முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன், தமிழில்:

கைவிடு.
எ.கா.: பதினாறாம் நம்பர் ஸ்பேனருக்கு அடியில்.

டோல்கேட் வந்துவிட்டது.
ரெண்டாவது வார்த்தை நாளைக்கு.