நடு வீடு

உம்சிண்டோவுக்கு மேற்கே, கரும்புக்குள் புகுந்து போகும் மண்பாதையில்
ஐம்பத்தொரு கதவு தட்டினேன்.
மாத வருமானம்?
"எந்த மாசத்துல?" என்றார் பூபாலன்.
"வெட்டு மாசமா, சும்மா கிடக்கிற மாசமா?"

நோமூசா செலே விரல் மடக்கினாள்:
முதியோர் பணம், முட்டைக்காசு,
டர்பனிலிருந்து மகன் அனுப்பினால் அது.
"அனுப்பினால்" என்பதற்கு
என் படிவத்தில் கட்டம் இல்லை.

இரவில், காகிதத்தில்,
எல்லாரையும் ஏறுவரிசையில் நிறுத்தினேன்.
இருபத்தாறாவது சரோஜினி பெருமாள்.
தையல். மூவாயிரத்து நூறு ராண்ட்.
மேலே இருபத்தைந்து வீடு, கீழே இருபத்தைந்து.
இந்த வட்டாரமே தான்தான் என்று
அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

பத்து வருஷம் கழித்து
நடு எண் நாலாயிரத்து எண்ணூறு.
அலுவலகத்தில் கைதட்டினார்கள்.

கீழ்வரிசையில் பன்னிரண்டு வீடு
கூரையற்று நின்றதை
அடிக்குறிப்பாக எழுதினேன், சிறிய எழுத்தில்.
நோமூசாவின் கதவும் அதில் ஒன்று.

சரோஜினி அதே நாற்காலியில், அதே மூவாயிரத்து நூறு.
ரொட்டிதான் இரண்டு மடங்கு.
ஓரடியும் நகராமல்
பதினான்காவதாகிவிட்டாள்.

இப்போது நடு, பூபாலன் வீடு.
அன்று சொன்ன தொகைதானா என்று கேட்டேன்.
சட்டைப்பையைத் தடவிக்கொண்டே
"எந்த மாசத்துல?" என்றார்.