அறுபத்துநான்கு விசைகள்

ரெஜைனாவில் மைனஸ் முப்பத்தொன்று.
கூரியர்க்காரர் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு
மணியடிக்காமல் போயிருந்தார்.
பிரித்தபோது விசைகள் விறைத்துக் கிடந்தன:
அழுத்தினால் இறங்கின, எழுவதற்கு யோசித்தன.
ஹீட்டர் பக்கத்தில் கால்மணி நேரம் வைத்தோம்,
நனைந்த கையுறைகளோடு சேர்த்து.

ஐம்பத்தெட்டு டாலர், வரி தனி.
பாதி என்னுடையது, பாதி ஜோபினுடையது.
பகலில் நான் மருத்துவமனைப் படிவங்களைத் தமிழாக்குவேன்,
சொல்லுக்குப் பதினோரு சென்ட்.
இரவில் அவன் யாரையாவது சுடுவான்.

எண்பட்டை இல்லை. எஃப் வரிசை இல்லை.
மிச்சமான இடத்தில் ஒரு தட்டு வைக்கலாம்;
வைத்தேன், சாம்பார் சிந்தியது.
நீல ஸ்விட்ச் வேண்டாம் என்றது நான்
(நாங்கள் கீழ்த்தளம்; மேலே மார்லீன் அம்மாவுக்கு
மெல்லிய தூக்கம்).
சிவப்புதான் வேண்டும் என்றது அவன்.
பழுப்பில் சமாதானமானோம்.
நல்ல ஒலிதான்,
காய்ந்த புளியங்கொட்டைகளைக் கைக்குள் குலுக்குவதுபோல்.
ஸ்பேஸ் மட்டும் தகரம்.

அப்புறம்தான் பார்த்தேன், ழ இல்லை.
அம்புக்குறிகளை நெருக்கி உட்காரவைக்க
அந்த விசையைத் தூக்கி நிலவறையில் போட்டிருந்தார்கள்.
எஃப்என்-ஐ ஒரு கையால் பிடித்துக்கொண்டு
மறு கையால் அதை வெளியே இழுக்கவேண்டும்.
குழந்தைக்கும் விழுங்குவதற்கும் வியாழக்கிழமைக்கும்
எனக்கு விரல் போதவில்லை.
செய்தவர்களைக் குறை சொல்ல முடியாது,
அவர்களுக்கு அது வெறும் சாய்கோடு.
ஜோபினுக்கு மட்டும் விளக்கவேண்டியிருக்கவில்லை.
அவன் ஊர் மூவாற்றுப்புழை.
வாய்க்குள் எதையோ மலையாளத்தில் திட்டிக்கொண்டு
மென்பொருளை இறக்கி
வலது கண்ட்ரோலைப் பறித்து ழ-வுக்குக் கொடுத்தான்.

ஒரு ஞாயிறு, அவன் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இடது கை நான்கே விசைகளில் குடியிருந்தது.
நான் ஒட்டிய ஸ்டிக்கர்களின்படி அவை
ஈ, அ, இ, உ.
முன்னேற ஈ.
மற்ற மூன்றும் சுட்டெழுத்துகள்:
அங்கே, இங்கே,
இரண்டுக்கும் நடுவில் ஓர் உ,
யாழ்ப்பாணத்தார் தவிர மற்றவர்கள் கைவிட்ட தூரம்.
அந்த உ-வில்தான் நான் வாடகை கட்டுகிறேன்.
தரையில் கிடக்கும் துப்பாக்கியை எடுக்க எஃப்;
அது ஆய்த எழுத்து.
யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள்.

மூன்றாம் வாரம் க இரட்டித்தது.
ஒருமுறை தொட்டால் இருமுறை பதிந்தது;
இரண்டு க அடுத்தடுத்து வந்தால்
நடுவில் புள்ளி தானாக விழும்.
மகளின் வயதைக் கேட்க நினைத்து
மக்களின் வயதைக் கேட்டிருந்தேன்.
அச்சுக்குப் போகுமுன் பிடித்துவிட்டேன்,
இல்லையென்றால் எந்தத் தாயாவது
கணக்குப்போட உட்கார்ந்திருப்பாள்.

நல்லவேளை, கழற்றி மாட்டும் ஸ்விட்சுகள்.
ஔ-வினுடையதைப் பிடுங்கி க-வுக்கு வைத்தேன்,
க-வின் நோயாளியை ஔ-வுக்கு.
மருத்துவமனையில்கூட யாரும்
ஔடதம் என்று எழுதுவதில்லையே.

ஔ இருக்குமிடம் இஸட் என்பதும்
ஜோபினுக்கு அது தரையோடு படுக்கும் விசை என்பதும்
அன்றிரவு ஒன்றரை மணிக்குத் தெரிந்தது.
படுத்தான். படுத்த வேகத்தில் எழுந்தான்.
நெற்றியில் வாங்கினான்.
மறுபடி படுத்தான், எழுந்தான்.
மூன்றாவது சாவுக்குப் பின் ஹெட்போனைக் கழற்றிவிட்டு
என் கதவைத் தட்டினான்.
"சேச்சி, கீபோர்டை என்ன செய்தீங்க?"
"மக்களை மறுபடி மகளாக்கினேன்" என்றேன்.
தூக்கக் கலக்கத்தில் அதற்குமேல் விளக்க வரவில்லை.

மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு மூன்றரை.
ழ மேலே இருந்திருந்தால் நான்கு.
எண்பட்டையை இதுவரை தேடவில்லை,
ஏப்ரலில் வரிக்கணக்கு வரட்டும்.
பத்து ஸ்விட்ச் ஒன்பது டாலருக்குச் சொல்லியிருக்கிறோம்;
வினிப்பெக் தாண்டிவிட்டதாம்.
அதுவரை ஜோபின்
நின்றுகொண்டே சண்டைபோடுகிறான்.