பிறந்த இடம்

மரணப் பதிவேடு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பது.
கறையான் விட்டுவைத்த பக்கம்.
வசில் ஹ்ரபார். கப்பலில் கரி அள்ளியவன். வயது இருபத்தாறு.
காய்ச்சல்.
பிறந்த இடம் என்ற கட்டத்தில்
உங்.
அவ்வளவுதான்.
'உங்கள்' என்று எழுதத் தொடங்கியவரை
யாரோ வெளியே கூப்பிட்டு
எழும்பிப் போனதுபோல.

றிஸ்மியா போனில் தேடினாள்.
ஹங்கேரியில் ஒரு மாவட்டமாம்.
ஓர் ஆற்றின் பெயரை எடுத்து வைத்திருந்ததாம்.
முதல் யுத்தம் முடிய
பெரும்பங்கு ஒரு புது நாட்டுக்குப் போனதாம்,
பிறகு கொஞ்சம் திரும்பி வந்ததாம்,
பிறகு சோவியத்தாம், பிறகு அதுவும் இல்லையாம்.
"இப்ப மூண்டு நாட்டிலை கிடக்கு அக்கா,
கொத்துரொட்டி மாதிரி."
நான் சிரிக்கவில்லை. பசி நேரம்.
சன்னலுக்கு வெளியே மான் ஒன்று
யாருடையதோ விண்ணப்பத்தைத் தின்றுகொண்டு நின்றது.

பிரதி கேட்டிருப்பவள் அவனுடைய பூட்டப்பிள்ளை, ஹலினா.
உடல் இல்லாத கல்லில்
செத்த ஊரின் பெயர் வெட்டவேண்டுமாம்.
வீட்டிலிருக்கும் பழைய தாளில் சிலோன் என்று இருக்கிறதாம்.
கடைசி வரியில் ஒரு கேள்வி:
திருகோணமலை
இப்போதும் அதே நாட்டில்தான் இருக்கிறதா?

இதற்குக் கச்சேரியில் படிவம் இல்லை.

என் பிறப்புச் சான்றிதழில் கட்டுக்குளம் பற்று.
வங்கிப் பிள்ளை கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கேட்டது:
"என்ன பற்று மிஸ், கடனா?"
இடம், என்றேன்.
எங்கே இருக்கு?
குச்சவெளிப் பக்கம், என்றேன்.
போர்ட் ஒன்று நின்றது. மான் நிறத்தில்.
பிறகு துருவின் நிறத்தில்.
பிறகு, வேலிக்கு யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள்.

லாச்சியை இழுத்தேன்.
குண்டூசி, பனடோல், ஒரு வளையல் பாதி,
அடியில் அந்த முத்திரை:
வடக்கு கிழக்கு மாகாணம்.
பதினெட்டு வருடம்
இந்த நகரம்தான் அதற்குத் தலைநகரம்.
தீர்ப்பு வந்தது. கொஞ்ச நாளில்
ஒரு சொல் குறைந்த புது முத்திரை வந்தது.
பழையதை எறியச் சொல்லி
எவரும் எழுத்தில் தரவில்லை.
எழுத்தில் தராததை நான் செய்வதில்லை.

பிரதியில் உள்ளதை உள்ளபடி எழுதினேன்.
உங்.
அடைப்புக்குறி போடவில்லை, விளக்கம் போடவில்லை,
எந்த நாட்டையும் பக்கத்தில் நிறுத்தவில்லை.
புது முத்திரை. கையொப்பம். திகதி.

பிறகு, ஏனென்று தெரியாது,
பழையதில் எச்சில் தொட்டு
வெறுந்தாளில் ஒருமுறை குத்திப் பார்த்தேன்.
தேய்ந்த ரப்பரில் விழுந்தது
இவ்வளவே:

க்கு         க்கு

முதலாவதற்கு முன்னால்
பேனையால் 'ஹலினாவு' என்று எழுதிச் சேர்த்து
கடித உறைக்குள் வைத்தேன்.
இரண்டாவதற்கு முன்னால் இடமிருந்தது.
பன்னிரண்டரை மணி அடித்தது.
றிஸ்மியா சாப்பாட்டுப் பார்சலை அவிழ்த்தாள்.