குரல் வாக்கெடுப்பு

திருத்தச் சட்டம்
ஆரம்பாக்கம் ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தபோது
ரைட்டர் தேசப்பன் டீ ஆறக் காத்திருந்தார்.

பிரிவு ஒன்பதில்
'அல்லது' இருந்த இடத்தில் 'மற்றும்'.
அவ்வளவுதான்.
சட்ட அமைச்சர் பதினோரு நிமிடம் பேசினாராம்.
மேசை தட்டல் ஓய்வதற்குள்
'ஆம்' என்போரே அதிகம் என்றாராம் சபாநாயகர்.

நேற்றுவரை
ஆதார் அல்லது மேஸ்திரி கடிதம்.
இன்றைக்கு இரண்டும்.

எதிர் பெஞ்சில் பூர்ணிமா மாஜி.
தடா பக்கம் மூன்று மாதம், இந்தப் பக்கம் ஐந்து,
முழங்கைவரை சூளை மண்.
எட்டு மாதக் கூலியோடு
மேஸ்திரி ஓடிப்போனதைச் சொல்லத்தான்
வந்திருக்கிறாள்.

அவள் ஒடியாவில் சொல்ல,
லாரி கிளீனர் ஒருவன் அரைகுறையாய்
அதைத் தெலுங்கில் சொல்ல,
இவர் தமிழில் எழுதிக்கொண்டே வந்தார்
ஏழாவது கட்டம் வரை.

மேஸ்திரி கடிதம் இணைக்கப்பட்டுள்ளதா?

யார் மேல் புகாரோ
அவனிடமே போய் வாங்கிவர வேண்டிய தாள்.

பேனாவை மூடினார். திறந்தார்.
ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் பதினான்கு மாதம்.

கட்டத்துக்குள் ஒரு சின்னக் கோடு இழுத்தார்.
இல்லை என்றும் படிக்கலாம்,
சரிபார்த்தேன் என்றும் படிக்கலாம்.
எது என்று கேட்டால் என்ன சொல்வது என்பதை
இன்னும் யோசிக்கவில்லை.

"கைநாட்டா, கையெழுத்தா?"
கிளீனர் கேட்டுச் சொன்னான்:
கையெழுத்தாம்.

நிதானமாகப் போட்டாள்,
முழுப் பெயரும்.

டீயில் ஆடை படிந்திருந்தது.