சப்பாத்திக்கள்ளியின் மேல் நாற்பது நிமிடம்

ராலின்ஸ் கடையில் நான்கு ஜோடி இருந்தன.
ஒவ்வொன்றாய் மாட்டிக்கொண்டு
வெர்லினின் கல்லாவுக்கு முன்னால்
சிமெண்டுத் தரையில் மண்டியிட்டேன்.
குதிரைத் தீவன மூட்டையோடு வந்தவர்
தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒதுங்கி நின்றார்,
பிரார்த்தனை என்று நினைத்திருப்பார்.

முதலாவது, கெட்டி ஓடு.
ஆமைக்குச் சரி.
கல்லில் பட்டால் டக் என்கிறது.
அந்த ஒரு டக்குக்கு
மேட்டில் பதினோரு தலை நிமிரும்.

இரண்டாவது பஞ்சு.
வெர்லினின் பேனா முனையால் அழுத்தினேன்,
மறுபக்கத்தில் என் தோல்
யாரது என்று கேட்டது.

மூன்றாவதன் பட்டை
பின்குழியில் அறுத்தது.
இருபது நிமிடத்தில் பாதம் மரத்துவிடும்.
பாதம் போனபின் முழங்கால் எதற்கு?

நான்காவதைக் கால்சட்டைக்குள்
ரகசியப் பையில் செருகவேண்டும்.
அழகு. விலை அதைவிட அழகு.
கடைக்குள்ளேயே நாலடி தவழ்ந்தேன்,
நழுவி இறங்கிக்
கெண்டைக்காலைக் காக்கப் போய்விட்டது.

"உன் பிழைப்பே முழங்காலில்தானே ஆர்டிஸ்,
உனக்கு நான் என்ன சொல்ல" என்றாள் வெர்லின்.

உண்மை.
இருபத்தாறு வருடமாய் ஊரார் குளியலறையில்
ஓடு பதிக்கிறேன்.
இடது முட்டியில் இருமுறை நீர் எடுத்தாயிற்று.

வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து
வேலைக்கு மாட்டும் பழைய ஜோடியை எடுத்தேன்.
சேணத்துக்கு அடியில் விரிக்கும் தடித்த கம்பளியை
வெட்டி அதன் ஓட்டின்மேல் ஒட்டினேன்.
மேல்பட்டையை அறுத்தெறிந்தேன்,
கீழ்ப்பட்டை மட்டும், அதுவும் தளர்வாக.
பசை காய இரண்டு இரவு.
"காலுக்கு ஒன்றாய் ஆட்டுக்குட்டி கட்டியிருக்கிறாய்"
என்று சிரித்தான் கென்ட்ரிக்.

சனிக்கிழமை, மேற்குக் காற்று.
மொட்டை மேட்டுக்கும் முழங்காலுக்கும்
முடிச்சுப் போட்டபடி
இருநூறு கஜம்.
சேஜ் புதர் என் இடுப்புக்குக்கூட இல்லை,
மண்ணை விடக் கல் அதிகம்,
கல்லை விடக் கள்ளி.

பாதி வழியில் ஒரு பெட்டை நிமிர்ந்து பார்த்தது.
நின்ற இடத்தில்
(நின்ற என்று சொல்லக் கூடாது)
உறைந்தேன்.
வலது முட்டிக்கு அடியில் சப்பாத்திக்கள்ளி,
இடது முட்டிக்கு அடியில் உடைந்த சக்கிமுக்கி.
அது பார்த்தது. மேய்ந்தது.
மேய்வதுபோல் நடித்துச் சட்டென்று பார்த்தது.
அதற்கு அப்பால் கிடா,
கவைக்கொம்பில் வெயில் ஏறி இறங்கியது.
நாற்பது நிமிடம்
என் முழங்கால்கள் இரண்டும் வாயே திறக்கவில்லை.
இத்தனை வருடத்தில் முதல்முறை.

பிறகு,
காரணம் எதுவும் சொல்லாமல்,
மொத்தக் கூட்டமும் மேடு தாண்டிப் போயிற்று.
வெண்பிட்டங்கள் கடைசியாய் மறைந்தன.

லாரிக்குத் திரும்பியபோதுதான்
சட்டைக் கையில் ரத்தம் தெரிந்தது.
முழங்காலுக்கு வந்தது
முழங்கையோடு போயிற்று.
கென்ட்ரிக் முள் பிடுங்கினான்,
பதினேழு வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டான்.

திங்கள் காலை
திருமதி ஹோல்ம்குவிஸ்ட் வீட்டு வெள்ளைத் தரையில்
மண்டியிட்டதும் ஏதோ கீச்சிட்டது.
கம்பளிக்குள் புதைந்திருந்த ஒரு முள்
புது ஓட்டில்
முடியளவு கோடு இழுத்திருந்தது.
குளியலறை முழுக்க சேஜ் வாசனை.

அந்த ஓட்டை மாற்றிப் பதித்தேன், என் செலவில்.
வேட்டைச் சீட்டுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.
மாலையில் வெர்லினிடம் போய்க் கேட்கவேண்டும்,
முழங்கைக்கு என்ன வைத்திருக்கிறாய் என்று.